நடு வரிசை

மார்ச் 3, திங்கள்

என் கையை உடைத்தவளும் அதே கைக்குக் கட்டுப் போட்டவளுமான மனைவிக்கு,

இன்று காலை ஏழு மணி பத்து நிமிடத்துக்கு இந்த வீட்டில் ஒரு முடிவு எடுக்கப்பட்டது. மறு அறிவிப்பு வரும்வரை ஓர் உப்புக்கல்கூட விலைக்கு வாங்கப்படாது. அலமாரியில் இருப்பதைத் தின்று தீர்ப்பது. முடிவெடுத்தபோது நான் மட்டுமே இருந்ததால் எதிர்ப்பு எதுவும் பதிவாகவில்லை.

இதை நான் போனில் சொல்லியிருக்கலாம். உன் போனைச் சுவரில் அடித்தவன் நான். என் போனை ஊறுகிற பட்டாணிக்குள் அமுக்கியவள் நீ. எனவே கடிதம். மேல்மாடித் தட்டச்சுக்காரம்மா முழங்கால் வைத்தியத்துக்கு உன் ஆஸ்பத்திரிக்கு வருகிறார், கொண்டுவந்து தருவார். இடது கையால் எழுதுகிறேன், எழுத்தைப் பார்த்துச் சிரிக்காதே.

புதன்கிழமை நடந்ததை நான் மறுக்கவில்லை. அலமாரியைப் பிடித்து உலுக்கியது நான்தான். மேல்தட்டு உன்மேல் கொட்டியது, உனக்குப் புருவத்தில் நாலு தையல். இரண்டு கிலோ டப்பாவை நீ வீசினாய், எனக்கு முன்கையில் எலும்பு இரண்டு. ஒரே வாடகைக் காரில் போய் இறங்கி, இருவரும் படியில் விழுந்ததாக டாக்டரிடம் சொன்னோம். நம் வீட்டில் படி ஏறுகிற ஒரே ஆள் தட்டச்சுக்காரம்மா.

என் கட்டு காய்வதற்குள் நீ சொன்னது நினைவிருக்கிறது: "அந்த அலமாரி காலியானாத்தான் வருவேன். ஒண்ணையும் குப்பையில போடக்கூடாது. தின்னு தீர்க்கணும்." சரி. கல்யாணமான புதிதில் பதினொரு நாள் கடைகள் மூடிக் கிடந்தபோது ஒரு கிலோ ரவையை நாம் ஸ்பூனால் பங்கிட்டோம். அதற்குப் பிறகு நான் வாங்கிக் குவித்தேன், நீயும் வாங்கிக் குவித்தாய். இப்போது நான் மட்டும் தின்கிறேன். இன்று காலை பட்டாணி. மதியம் பட்டாணி.

இப்படிக்கு,
கிடங்குக்காரன்

மார்ச் 7

அலமாரியைக் கட்டிக்கொண்டவருக்கு,

கடிதம் கிடைத்தது. சிரித்தேன். தையல் இழுத்தது.

வெறும் பட்டாணியைத் தின்று வயிறு கெட்டு, அந்தப் பழியையும் என்மேல் போடாதீர்கள். பழைய பயறு சீக்கிரம் வேகாது. முதல் நாளே ஊறவைத்து, ஒரு சிட்டிகை சோடா உப்புப் போடுங்கள். வண்டு விழுந்த அரிசியை வெயிலில் பரப்பினால் வண்டு தானாகப் போய்விடும். மாவைச் சலிக்காமல் பிசையாதீர்கள். ஒரு கைதான் இருக்கிறது என்று சொல்ல வேண்டாம், அலமாரியை உலுக்குகிறவருக்குச் சல்லடை பெரிதா? சிக்கு வாடை அடிக்கிற எண்ணெயைத் தின்ன வேண்டாம், கதவுக் கீல்களுக்கு விடுங்கள். நீங்கள் அறைந்து சாத்தியே அவை தொங்கிவிட்டன.

எந்த டப்பாவைத் திறந்தாலும் அந்தப் பேரிக்காய் டப்பா என் நினைவுக்கு வரும். கல்யாணமான முதல் மாதம் எனக்காக வாங்கிவந்து காட்டினீர்கள், அலமாரிக்குள் வைத்தீர்கள். நான் பணி முடிந்து வருவதற்குள் நீங்களே தின்றுவிட்டீர்கள். பதினேழு வருஷமாக நான் தின்றதாகச் சொல்கிறீர்கள். புதன்கிழமைச் சண்டையும் அதில்தானே தொடங்கியது.

எனக்கு மாவுக்கட்டு அறையில் வேலை அதிகம். இங்கே வருகிறவர்களில் பாதிப் பேர் படியில் விழுந்தவர்கள். இந்த ஊரில் இவ்வளவு படி எங்கே இருக்கிறது என்று தெரியவில்லை.

சனிக்கிழமை என் தம்பி தையல் மெஷினை எடுக்க வருவான். அவனிடம் வாயைக் கொடுக்காதீர்கள். கறிக்கடையில் நாள் முழுக்க எலும்பு வெட்டுகிறவன்.

நர்ஸ் விடுதியிலிருந்து,
உங்கள் மனைவி (இன்றைய நிலவரப்படி)

மார்ச் 10

தம்பியை ஏவிவிட்டவளுக்கு,

உன் தம்பி வந்தான். மெஷின் போகவில்லை. நடந்ததை ஒளிக்காமல் எழுதுகிறேன்.

நான் மேசையில் பட்டாணியோடு உட்கார்ந்திருந்தேன். "என்ன மாமா, எங்கக்காவ அடிச்சு அனுப்பிட்டுப் பட்டாணி தின்னுட்டிருக்கீங்க? தொண்டையில எறங்குதா?" என்றான்.

"எறங்கலதான். நீ ஒரு வாய் தின்னு பாரு."

தின்றான். தரையில் துப்பினான். "மாட்டுக்குக்கூட வைக்க மாட்டாங்க."

அடித்தாலும் நான் பொறுத்திருப்பேன். ஆனால் இந்த வீட்டில் ஒரு முடிவு அமலில் இருக்கிறது. "அதப் பொறுக்கித் தின்னு, மாப்ள" என்றேன்.

"என்னது?"

"உங்கக்கா உத்தரவு. ஒண்ணும் வீணாகக் கூடாது."

அவன் என் சட்டையைப் பிடித்தான். நான் அவன் காதைப் பிடித்தேன். இருவரும் அலமாரியில் மோத, பத்துக் கிலோ மாவு மூட்டை எங்கள்மேல் வெடித்தது. அதற்குப் பிறகு யார் யாரை அடித்தோம் என்று எங்களுக்கே தெரியவில்லை. அவன் என் விலாவில் மூன்று முறை குத்தினான் என்பது மட்டும் இன்று மூச்சு விடும்போது தெரிகிறது. நான் கட்டுப் போட்ட கையைச் சுழற்றினேன். நீ போட்ட கட்டு உறுதியானது. உன் தம்பியின் முன்பல் அவ்வளவு உறுதியானதல்ல.

மாவுப் புகை அடங்கியதும் இருவரும் மண்டியிட்டு, கொட்டிய பட்டாணிக்குள் பல்லைத் தேடினோம். கிடைத்தது. பட்டாணியைக் கழுவி வேகவைத்துவிட்டேன். தரையில் விழாத மாவு நாலு கிலோவை அவன் வீட்டுக்கு எடுத்துக்கொண்டு போனான். போகும்போது, "மெலிஞ்சு போயிட்டீங்க மாமா" என்றான். பல் இல்லாததால் எனக்கு முதலில் புரியவில்லை.

பேரிக்காயை நான் தின்னவில்லை. நீதான் தின்றாய்.

கிடங்குக்காரன்

மார்ச் 14

பல்லுடைத்தவருக்கு,

தம்பியின் வாயை நானே கழுவினேன். அவனும் படியில் விழுந்ததாகத்தான் டாக்டரிடம் சொன்னான். டாக்டர் என்னைப் பார்த்தார். நான் பஞ்சைப் பார்த்தேன்.

இன்னொரு முறை அவன்மேல் கை வைத்தால் இடது கையையும் முறிப்பேன். வெறும் பேச்சு என்று நினைக்க வேண்டாம். எங்கே அடித்தால் எலும்பு சுத்தமாக முறியும் என்று இருபது வருஷமாக எக்ஸ்ரே படம் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

உங்கள் கன்னம் ஒட்டிப்போய்விட்டதாக அவன் சொல்கிறான். அரிசியையும் பயறையும் சேர்த்துக் கஞ்சியாக வையுங்கள், சத்தாவது இருக்கும். மேல்தட்டில் உள்ளதெல்லாம் நான் வாங்கியது. அதையும் நீங்கள் ஒருவராகத் தின்பது நியாயமில்லைதான். கண்ணாடிப் புட்டியில் உள்ள சர்க்கரைப் பாகைத் தட்டச்சுக்காரம்மாவிடம் கொடுத்தனுப்புங்கள், இங்கே நர்சுகள் தின்பார்கள். தின்றுதானே தீர்க்கணும், யார் தின்றால் என்ன?

விலா எலும்பில் வலி குறையாவிட்டால் வந்து படம் எடுத்துக்கொள்ளுங்கள். நான் மதியத்துக்குமேல் இருப்பேன்.

மனைவி

மார்ச் 25

உயிரோடு இருக்கிறாய் என்று காவல்துறையே உறுதிப்படுத்திய என் மனைவிக்கு,

அலமாரியின் இரு பக்கமும் ஓரத்தில் இருந்ததைத் தின்று முடித்து, நேற்று மாலை நடுப்பகுதிக்கு வந்தேன். வேலை பார்க்கிற கிடங்கிலிருந்து கொண்டுவந்த கொக்கித் தடியால் ஒரு தக்காளி விழுது டப்பாவை இழுத்தேன். அது பந்துபோல் உப்பியிருந்ததை நான் கவனிக்கவில்லை. வெடித்தது. கூரை, சுவர், என் முகம், எல்லாம் சிவப்பு. வெடிச்சத்தம் கேட்ட தட்டச்சுக்காரம்மா, மூன்று வாரத்துக்கு மேலாக உன்னை வீட்டில் காணவில்லை என்பதையும் சேர்த்துப் போலீசுக்குச் சொல்லிவிட்டார். உன் கையில் கடிதம் கொடுக்கிறவரே அவர்தான். பதற்றத்தில் மறந்துவிட்டதாம்.

இரண்டு பேர் வந்தார்கள். மூத்தவர் சுவரைப் பார்த்தார், என் கட்டைப் பார்த்தார். "பொம்பளைய என்னடா பண்ணின?"

"ஆஸ்பத்திரியில இருக்கா சார்."

"எந்த வார்டுல?"

"வார்டுல இல்ல சார், வேலைல."

கன்னத்தில் ஓர் அறை. "எதால அடிச்ச?"

"நான் அடிக்கல சார், அவதான் அடிச்சா. பட்டாணி டப்பாவால."

இன்னோர் அறை. உண்மையைச் சொன்னதற்காக நான் வாங்கிய அடி இவை இரண்டும்தான். பிறகு இளையவர் சுவரை விரலால் தொட்டு முகர்ந்தார். "சார், இது புளிக்குது" என்றார். போகும்போது நல்லதாக இருந்த மூன்று டப்பா மீனைக் கொடுத்தேன், வாங்கிக்கொண்டார்கள்.

ஆனால் எழுதவந்தது இதுவல்ல. சுவரைத் துடைத்த பிறகு அலமாரிக்குள் தலையை விட்டுப் பார்த்தேன். நடு வரிசை முழுவதும் பதினைந்து, பதினாறு, பதினேழு வருஷச் சரக்கு. அரை மணி நேரம் உன்னைத் திட்டினேன். அதற்குப் பிறகுதான் எனக்கு உறைத்தது.

அந்த அலமாரி சமையலறைக்கும் பின்கட்டுக்கும் நடுவே சுவருக்குப் பதிலாக நிற்கிறது. இரண்டு பக்கமும் கதவு. புதியதைப் பின்னால் வை, முன்னால் இருப்பதை எடு. இது கிடங்கு விதி. கல்யாணமான வாரமே உனக்கும் சொல்லிக்கொடுத்தேன், நீ ஒருநாளும் மீறவில்லை. நானும் மீறவில்லை. நீ சமையலறைப் பக்கமிருந்து கையை நீட்டி வைத்தாய். நான் பின்கட்டுப் பக்கமிருந்து வைத்தேன். எனக்குப் பின்பக்கம் எதுவோ அதுதான் உனக்கு முன்பக்கம். நான் ஆழத்தில் வைத்தது அடுத்த நாளே உன் கைக்கு முதலில் வந்தது. நீ ஆழத்தில் வைத்தது என் கைக்கு வந்தது. நடுவில் இருந்ததை யாரும் தொடவில்லை.

ஆகப் பதினேழு வருஷமாக நான் தின்றதெல்லாம் நீ வாங்கியது. நீ தின்றதெல்லாம் நான் வாங்கியது. நான் வாங்கிவந்ததை நீ தொடுவதே இல்லை என்று நான் எத்தனை தட்டு உடைத்திருப்பேன்? நீ எத்தனை?

பேரிக்காய் டப்பா நடுவில்தான் இருக்கிறது. அன்று அலமாரி பாதி காலி, கை எட்டிய இடத்தில் விட்டிருக்கிறேன். யாரும் தின்னவில்லை.

உன் கணவன்

மார்ச் 28

அன்புள்ள உங்களுக்கு,

கட்டு அறைக்கே போன் வந்தது. நான் உயிரோடு இருக்கிறேனா என்று கேட்டார்கள். "இப்போதைக்கு" என்றேன். அறை வாங்கிய கன்னத்தில் ஐஸ் வையுங்கள்.

உங்கள் கடிதத்தை மூன்று முறை படித்தேன். ஒருவனுக்குக் கால் கட்டிக்கொண்டே மூன்றாம் முறை படித்ததில் கட்டு கோணிவிட்டது, பிரித்து மறுபடி போட்டேன்.

தின்று தீர்க்கணும் என்று நான் சொன்னதை வாபஸ் வாங்குகிறேன். நடு வரிசையில் உள்ளதை வாயில் வைக்காதீர்கள். உப்பிய டப்பா ஆளையே கொல்லும். எல்லாவற்றையும் குழி தோண்டிப் புதையுங்கள். பேரிக்காயை மட்டும் வையுங்கள், தின்பதற்கல்ல, நான் பார்க்கணும்.

ஏப்ரல் 6, ஞாயிறு, மாலை நாலு மணிக்கு வருகிறேன். பெட்டியோடு வருகிறேன். அலமாரி காலியாக இருக்கட்டும். ஒரு பக்கத்தை அடைத்துவிடுங்கள், எந்தப் பக்கம் என்பது உங்கள் இஷ்டம். அதற்குப் பிறகு அன்றன்றைக்கு வேண்டியதை அன்றன்றைக்கு வாங்குவோம். ஒன்பதாம் தேதி புதன்கிழமை உங்கள் கட்டைப் பிரிக்க வேண்டும், நானே பிரிக்கிறேன். போட்டவள் பிரித்தால் தோலில் ரம்பம் படாது.

உங்கள்
கட்டுக்காரி

ஏப்ரல் 4

என் கட்டுக்காரிக்கு,

என் பக்கத்தை அடைத்துவிட்டேன். பின்கட்டுக் கதவின்மேல் குறுக்கே ஏழு பலகை, நாற்பது ஆணி, எல்லாம் இடது கையால். கட்டைவிரல் நகம் ஒன்று போயிற்று. இனி அலமாரி உன்னுடையது, நான்தான் சுற்றிக்கொண்டு வந்து உன்னிடம் கேட்டு வாங்குவேன்.

புதன்கிழமை அலமாரி முழுதும் காலியாயிற்று. துடைத்துவிட்டு உள்ளே ஏறி நின்று பார்த்தேன். நீ சொன்னபடி இருந்தது. ஒன்றுமே இல்லை. ஒரு தட்டில் தட்டினால் மற்றத் தட்டுகளும் அதிர்ந்தன. அந்தப் பதினோராவது நாள் ரவைப் பாத்திரத்தை நீ விரலால் வழித்தாயே, அந்தச் சத்தம் மாதிரி இருந்தது.

நீ வருகிற அன்று வீடு அப்படி இருக்கக் கூடாது என்று கொஞ்சம் அரிசி வாங்கினேன். லாரிக்காரர்கள் வேலைநிறுத்தம் செய்யப்போவதாகக் கிடங்கில் பேச்சு, அதனால் இன்னும் மூன்று மூட்டை. பருப்பு, மாவு, எண்ணெய், மீன் டப்பா இரண்டு பெட்டி. பழைய விதிப்படிதான் வைத்திருக்கிறேன், நீ கதவைத் திறந்ததும் உன் கைக்கு வருகிற மாதிரி. இடம் வீணாகவில்லை, மேல்தட்டுவரை நிறைந்திருக்கிறது.

சர்க்கரை ஒன்றுதான் பாக்கி. ஞாயிற்றுக்கிழமை நாலு மணிக்குள் வாங்கிவந்துவிடுவேன்.

உன் கணவன்

ஏப்ரல் 6

நாலு மணிக்கு வந்தேன். வெள்ளிக்கிழமை நீங்கள் எழுதிய கடிதத்தைத் தட்டச்சுக்காரம்மா வாசலில் வைத்துத்தான் கொடுத்தார். நீங்கள் கடைக்குப் போயிருப்பதாகச் சொன்னார்.

சமையலறைப் பக்கக் கதவைத் திறந்தேன். மேல்தட்டிலிருந்து ஒரு டப்பா விழுந்தது. நகர்ந்துகொண்டேன். நடுவில் என்ன இருக்கிறது என்று பார்க்கப் பின்கட்டுக்குப் போனேன். பலகை அடித்திருந்தது. ஆணிகள் நேராக இருந்தன.

மேசைமேல் பேரிக்காய் டப்பாவும் இரண்டு ஸ்பூனும் இருந்தன. டப்பா உப்பியிருந்தது. குப்பையில் போட்டுவிட்டேன்.

நாலே முக்கால் வரை உட்கார்ந்திருந்தேன். தட்டச்சுக்காரம்மாவின் போனில் தம்பியைக் கூப்பிட்டேன், அவன் வந்து தையல் மெஷினை வண்டியில் ஏற்றிவிட்டான். வீட்டுச் சாவியைத் தட்டச்சுக்காரம்மாவிடம் கொடுத்திருக்கிறேன்.

புதன்கிழமை கட்டுப் பிரிக்கும் அறையில் வேறு ஆள் இருப்பார். எட்டு மணிக்கே போய் வரிசைச் சீட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.