இருபத்துமூன்று குறைகள்

அன்பு மகனுக்கு,

அம்மா எழுதுகிறேன். இங்கே நானும் அப்பாவும் நடமாடுகிற அளவுக்கு நன்றாகவே இருக்கிறோம், அங்கே நீயும் மருமகளும் குழந்தையும் இந்தக் குளிரில் சளி இருமல் இல்லாமல் இருக்கிறீர்களா. போன் இருக்கும்போது எதற்குக் கடிதம் என்று நினைப்பாய். நீ கூப்பிட்டதும் அப்பா ஸ்பீக்கரைப் போட்டுவிடுகிறார், அவரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு அவரைப் பற்றி எப்படிப் பேசுவது. அதனால்தான் எழுதுகிறேன். விட்டு விட்டு எழுதியிருக்கிறேன், கையெழுத்து ஒரே மாதிரி இருக்காது, பொறுத்துக்கொள்.

வீட்டை விற்பது நாம் எல்லோரும் சேர்ந்து எடுத்த முடிவுதான், அதில் எனக்கு மனக்குறை இல்லை. தலைசுற்றல் வந்த பிறகு அப்பாவுக்கு மாடிப்படி ஆகாது என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார், உன் அத்தை வீட்டுக்குப் பக்கத்திலேயே லிப்ட் வைத்த பிளாட்டும் அமைந்துவிட்டது. ஆனால் ஒப்பந்தம் போட்ட அன்று அப்பா செய்த காரியத்தை உன்னிடம் சொல்லவில்லை. முப்பத்துநாலு வருஷம் பம்பு தொழிற்சாலையில் தரம் பார்த்தவர், ஒரு கீறல் இருந்தாலும் முத்திரை குத்தாமல் திருப்பி அனுப்பியவர் அல்லவா. வீட்டையும் அப்படியே மூலை முடுக்கெல்லாம் சோதித்து, இருபத்துமூன்று குறைகளை எண் போட்டு எழுதி, ஒப்படைக்கும் முன் இவை சரிசெய்து தரப்படும் என்று கையெழுத்துப் போட்டு ஒப்பந்தத்தோடு சேர்த்துக் கொடுத்துவிட்டார். யாரும் கேட்கவில்லை. தரகர் சிரித்துவிட்டார். "வாங்கறவங்க குறை சொல்லித்தான் சார் பாத்திருக்கேன், விக்கறவரே லிஸ்ட் குடுத்து இப்பத்தான் பாக்கறேன்" என்றார். வாங்குகிறவர் தாளைப் புரட்டிக்கூடப் பார்க்காமல் "எதுக்கு சார் இந்தச் சிரமமெல்லாம்" என்றார். மரியாதைக்குச் சொல்கிறார் என்று அப்பா எடுத்துக்கொண்டார், நானும்தான்.

அன்றிலிருந்து வீட்டில் ஒரே தூசி. பெயின்டர் ஒருவர் இரண்டு நாள் வந்தார். அவர் பட்டி பார்த்த சுவரில் அப்பா விளக்கைச் சாய்த்துப் பிடித்து மேடு பள்ளம் காட்டினார், மூன்றாம் நாள் அவர் டப்பாவைத் தூக்கிக்கொண்டு "ஐயா, இது சுவரு, கண்ணாடி இல்ல" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். பிறகு எல்லாம் அப்பாவே. அடிப்பக்கம் உப்பிப்போன குளியலறைக் கதவை இழைத்து மாட்டினார், சமையலறையில் ஈரம் ஏறிப் பொரிந்த சுவரைச் சுரண்டினார், மாடி ஜன்னல் கொக்கி பன்னிரண்டையும் கழற்றி மண்ணெண்ணெயில் ஊறவைத்தார். மாடிப்படியே ஆகாது என்ற மனிதர் ஏணியில் ஏறி நிற்கிறார், நான் கீழே பிடித்துக்கொண்டு நிற்கிறேன். சமையல் பாதி, ஏணி பாதி, தோள் இரண்டும் விட்டுப் போயிற்று.

ஒரு நாள் அப்பா உப்புத்தாள் வாங்கக் கடைக்குப் போயிருந்தபோது ஒரு இன்ஜினியர் டேப்போடு வந்தார். வாங்குகிறவர் அனுப்பினாராம். மதில் ஓரமாக நான்கு பக்கமும் மண்ணை அளந்தார், வாசற்படி ஏறவில்லை. தண்ணீர் கொடுத்துவிட்டு, உள்ளே அளக்க வேண்டாமா என்று கேட்டேன். "உள்ள என்னம்மா இருக்கு, எப்படியும் இடிக்கத்தான போறாங்க" என்று சொல்லிவிட்டு, டம்ளரைக் கையில் கொடுத்து நன்றி சொல்லிவிட்டுப் போனார். நல்ல பையன்தான், அவருக்கு என்ன தெரியும்.

நான் அப்பாவிடம் சொல்லவில்லை. சொன்னால் இடிந்துபோவார், சொல்லாவிட்டால் ஏணியில் ஏறுவார். காலையில் எழுந்து அந்தத் தாளில் ஒரு எண்ணை டிக் அடிக்கும்போது அவர் முகத்தில் வருகிற தெளிவைப் பார்த்துவிட்டு நாளைக்குச் சொல்லலாம், நாளைக்குச் சொல்லலாம் என்று பதினோரு நாள் தள்ளிவிட்டேன். பதினோராம் நாள் கூடத்துச் சீலிங்கில் பிரஷ்ஷை வைத்தவர் அப்படியே நின்றார், கண்ணை மூடினார், ஒரு கால் படியிலிருந்து நழுவியது. விழவில்லை, முழங்காலுக்குக் கீழே தோல் வழன்றதோடு போயிற்று. அந்த இடத்திலேயே, ஏணியைப் பிடித்தபடியே சொல்லிவிட்டேன். அவர் மெதுவாக இறங்கி வந்தார். எப்போது தெரியும் என்று கேட்டார், சொன்னேன். "பதினோரு நாளா நான் செய்யறத பாத்துட்டு நின்னியா" என்றார். அவ்வளவுதான். பிரஷ்ஷைக் கழுவி, டப்பாவை மூடி, ஏணியைச் சாத்தினார். சீலிங் பாதி வெள்ளையும் பாதி பழுப்புமாக நிற்கிறது. இடிக்கப் போகிறார்கள் என்பதைவிட நான் மறைத்ததுதான் அவரைச் சுட்டுவிட்டது என்று எனக்குத் தெரியும், அதற்கு நான் என்ன சமாதானம் சொல்ல முடியும்.

மூன்று நாள் தேவைக்கு மேல் ஒரு வார்த்தை இல்லை. அந்தச் சமயம் பார்த்துச் சமையலறைக் குழாய் ஒழுக ஆரம்பித்தது. அவர் அதன் அடியில் ஒரு பாத்திரத்தை வைத்துவிட்டுப் போய்ப் பேப்பர் படிக்கிறார். இந்த மனிதரா என்று இருந்தது எனக்கு. நான்கு தடவை பாத்திரத்தை ஊற்றிவிட்டு, என்னங்க, இதைக் கொஞ்சம் பாருங்கள் என்றேன். "லிஸ்ட்ல இல்ல. இன்னும் நாப்பது நாள்தான, ஒழுகிட்டுப் போகட்டும்" என்றார். எனக்கும் ஆத்திரம் வந்துவிட்டது. லிஸ்ட் வீடு வாங்குகிறவனுக்கு, குழாய் எனக்கு, அந்த நாற்பது நாளும் இங்கே சமைக்கப் போவது நான்தானே என்று சத்தமாகவே கேட்டுவிட்டேன். பேப்பரை மடித்து வைத்தார். போய் ஸ்பேனரை எடுத்து வந்து தொட்டிக்கு அடியில் படுத்தார், நான் போன் வெளிச்சத்தைப் பிடித்தேன். "என் கண்ணுல அடிக்காத, குழாய்ல அடி. இத்தன வருஷமா வெளிச்சம் பிடிக்கத் தெரியலயே உனக்கு" என்றார். திட்டுதான், ஆனாலும் எனக்கு உயிர் வந்தது. வாஷர் தேய்ந்திருந்ததாம்.

சாயந்திரம் அவரே தாளை எடுத்து வந்தார். மிச்சம் ஆறு. அதில் ஏணி தேவைப்படுகிற மூன்றையும் நான் பேனாவால் அடித்துவிட்டேன். சண்டைக்கு வருவார் என்று பார்த்தால், "அடிச்சா போதாது, பக்கத்துல கையெழுத்துப் போட்டுத் தேதி போடு" என்றார். போட்டேன். மற்ற மூன்றும் தரையில் உட்கார்ந்து செய்கிற வேலை, செய்துகொள்ளட்டும்.

உன் அறைப் பரணில் நான்கு அட்டைப்பெட்டி இருக்கிறது, எது வேண்டும் என்று சொல்லிவிடு. நேரத்துக்குச் சாப்பிடு, மருமகளையும் வேலை வேலை என்று உடம்பைக் கெடுத்துக்கொள்ளாமல் இருக்கச் சொல். குழந்தைக்கு எங்கள் முத்தங்கள். மூவரும் நோய் நொடி அண்டாமல் நிறைவாக இருக்க வேண்டும், எங்களுக்கு வேறு வேண்டுதல் இல்லை.

ஒன்றை மறக்காதே. ஞாயிற்றுக்கிழமை கூப்பிடும்போது இடிப்பதைப் பற்றி எதுவும் கேட்காதே, வருத்தமும் படாதே. குழாயில் என்ன கோளாறு அப்பா என்று மட்டும் கேள். நீளமாகத்தான் சொல்வார். வேலை இருக்கிறது என்று பாதியில் வைத்துவிடாமல் முழுதும் கேள்.

தோள்வலியோடும் ஆசியோடும்,
அம்மா