கையுறைக்கு ஏற்ற கீபோர்டு

செவ்வாய்க்கிழமை, குன்னூர்.

குளிருக்குக் கையுறை போட்டுக்கொண்டு டைப் அடிக்கிற ஆள் நான். இரண்டு விசைகளைச் சேர்த்து அழுத்த விரல் வளையாது. அதனால் நேற்று கம்ப்யூட்டரில் எழுதும் எடிட்டரில் ஷார்ட்கட்டுகளையெல்லாம் மேல்வரிசை ஒற்றை விசைகளுக்கு மாற்றினேன். காலியான கண்ட்ரோல்-எஸ்ஸுக்கு 'முழுவதும் அழி' என்று வைத்தேன். கையுறை போட்ட கை தவறிக்கூட அங்கே போகாதாம். என்ன மூளை!

இன்று சாயங்காலம் என் மனைவி சாந்தி கையுறை இல்லாமல் கம்ப்யூட்டர் முன் உட்கார்ந்தாள். அவள் பள்ளியில் ஓய்வுபெறும் தலைமையாசிரியைக்கு நாளை அவள்தான் வாழ்த்துரை. அந்தம்மாவும் இவளும் முகம்கொடுத்துப் பேசி வருடக்கணக்காகிறது. முழுவதும் அடித்துவிட்டு, சேமிக்கிற நினைப்பில் கண்ட்ரோல்-எஸ் அழுத்தினாள். திரை வெள்ளையாகிவிட்டது.

"ஏனுங்க! அத்தனை பொய்யையும் மறுபடி எழுத என்னால முடியாதுங்க!"

அழித்ததை மீட்கும் விசையையும் நான்தான் மாற்றியிருந்தேன். எங்கே என்பதுதான் மறந்துவிட்டது.

"ஊட்டுல கண்ணாடி வெச்ச எடமே தெரியாது. உங்களுக்கு இது வேற!"

ஒவ்வொரு விசையாகத் தட்டினேன். ஒன்றில் எழுத்து பெருத்தது, ஒன்றில் திரை கறுத்தது. கடைசியில் உரை முழுசாகத் திரும்பியது. சாந்தி முதலிலிருந்து நிதானமாக வாசித்தாள்.

"படிக்கப் படிக்க அந்தம்மா நல்லவங்களாத்தான் தெரியறாங்க."

நாளை இருவரும் கட்டிக்கொண்டு அழுதால், அந்தப் புண்ணியத்தில் எனக்கும் பங்குண்டு.