எதிர் வரிசை

பிப்ரவரி 3

எதிர் வரிசைக்குத் தார் ரோடு போட்டுவிட்டார்கள். எதிர் வரிசைக்கு மட்டும். தெருவின் நட்டநடுவில் தார் நின்றுவிட்டது. இந்தப் பக்கம், எங்கள் வாசலில், அதே பழைய புழுதி. அவர்கள் தொகுதி எம்.எல்.ஏ. செத்துப்போய் இடைத்தேர்தல் வருகிறதாம். எங்கள் எம்.எல்.ஏ. கல்லுமாதிரி இருக்கிறார். மாதா மன்னிக்கட்டும், அதுகூட எனக்கு எரிச்சலாக இருக்கிறது.

எதிர் வீடு என் அக்கா பாக்கியமேரியுடையது.

பிப்ரவரி 6

அக்கா வீட்டுக்குக் குடிதண்ணீர்க் குழாயும் வந்துவிட்டது. "எதுக்குடி டேங்க் வரைக்கும் போற? இங்கயே புடிச்சுக்கோ சகாயம்" என்றாள். நாலு குடம் பிடித்தேன். ஒரு வார்த்தை நன்றி சொல்ல வாய் வரவில்லை.

பிப்ரவரி 11

நல்லம்பள்ளி தாலுகா ஆபீஸ் வரை போய்க் கேட்டே விட்டேன். ஒரே தெருவை எந்தப் புண்ணியவான் இரண்டு தொகுதியாகப் பிரித்தான்?

சர்வேயர் காளியப்பன் பழைய வரைபடத்தை விரித்தார். "உங்க தெரு முன்ன ஓடைங்க. கெழக்கால ஒரு கிராமம், மேக்கால ஒரு கிராமம். ரெண்டும் ஒரே தொகுதியாத்தான் இருந்துச்சு. டவுன் பெருசாவ பெருசாவ வெட்டுனாங்க, ஒட்டுனாங்க. 2008ல கிராமக் கணக்குல தொகுதி பிரிச்சப்ப ஓடையே எல்லையாயிருச்சு" என்றார்.

ஓடையைத் தூர்த்துத்தான் பிளாட் போட்டிருக்கிறார்கள். அப்பா சவரிராயன் எதிரெதிராக இரண்டு மனை வாங்கினார். "நீ சின்னவ, நீ மொதல்ல எடு" என்றாள் அக்கா. கிழக்குப் பார்த்த வாசல்தான் வேண்டும் என்று அடம்பிடித்து இந்த வரிசையை எடுத்தது யார்? நான்தான். யாரைத் திட்டுவது இப்போது?

பிப்ரவரி 17

ஓட்டுக் கேட்டு மூன்று கட்சிக்காரர்கள் வந்து போனார்கள். மூன்று பேரும் எங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு அக்காவைக் கும்பிட்டார்கள். ஒருத்தன் அவள் பையன் ஃபிராங்க்ளினுக்குப் போன் போட்டு, "தம்பி, கண்டிப்பா வந்துரணும்" என்று கெஞ்சினான். அவன் ஓசூர் கம்பெனியில் சேர்ந்து மூன்று வருடமாகிறது. மாதம் ஒரு ஞாயிறுகூட எட்டிப் பார்ப்பதில்லை. அவன் ஓட்டுக்கு இவ்வளவு மவுசு!

இருபத்தேழு வருடமாக இங்கேயே கிடக்கிற என்னை நாய்கூடச் சீந்தவில்லை.

"உனக்கு வயித்தெரிச்சல்டி" என்று சிரித்தார் இவர். ஆமாம், வயிற்றெரிச்சல்தான். அப்படியே வைத்துக்கொள்ளட்டும்.

பிப்ரவரி 22

பள்ளிக்கூடத்தில் வாக்காளர் பட்டியல் முகாம். பெயர் நீக்கச் சொல்லும் 7-ஆம் எண் படிவத்தை வாங்கினேன். 'ஃபிராங்க்ளின் இந்த முகவரியில் குடியிருக்கவில்லை' என்று எழுதி, கையெழுத்துப் போட்டு, கட்டோடு கட்டாகச் செருகிவிட்டு வந்தேன்.

பொய்யா எழுதினேன்? இல்லையே.

பிறகு ஏன் மத்தியானம் சோறு இறங்கவில்லை?

மார்ச் 2

எழுதித்தான் தீர வேண்டும்.

பட்டியல் வேலை பார்க்கிற அங்கன்வாடி டீச்சர் ராணியம்மாள் அந்தப் படிவத்தோடு அக்கா வாசலில் வந்து நின்றார். நான் என் கேட்டருகே நின்றிருந்தேன். அவருக்கு மெதுவாகப் பேசவே வராது.

"ஏங்க சகாயராணி! இத நீங்களா குடுத்தீங்க? உங்களுக்கு அந்தத் தொகுதிங்க. இந்தத் தொகுதி ஆள் மேல ஆட்சேபம் சொல்ல இந்தத் தொகுதி ஓட்டு இருக்கணும். இது செல்லாதுங்க!"

தெருவே கேட்டது. செல்லாது! உள்ளே ஓடியிருக்கலாம். கேட்டைப் பிடித்தபடி அங்கேயே நின்றேன்.

அக்கா படிவத்தை வாங்கிப் படித்தாள். என் கையெழுத்து அவளுக்குத் தெரியாதா? நான் சிலேட்டுப் பிடித்ததே அவள் மடியில். என் பக்கம் அவள் திரும்பவில்லை.

"அவ எழுதுனது நெசந்தாங்க டீச்சர். பையன் ஓசூர்லதான் கெடக்கறான். பேர எடுக்கறதுக்கு நானே எழுதித் தரேன். பேனா இருக்குங்களா?"

ஐயோ, என்னைத் திட்டியிருக்கக் கூடாதா அவள்.

மார்ச் 3

டேங்குக்குப் போய்த் தண்ணீர் எடுத்து வந்தேன்.

மார்ச் 15

கோயிலில் அக்கா முன் பெஞ்சில் இருந்தாள். பூசை முடிந்ததும் பக்கவாசல் வழியாகப் போய்விட்டாள். பின்னாலேயே போயிருக்கலாம். போய் என்ன சொல்வது? "பொறாமைல பண்ணிட்டேன்க்கா"ன்னு சொல்றதா? அது அவளுக்குத் தெரியாதா என்ன.

ஏப்ரல் 9

இடைத்தேர்தல். அக்கா தனியாகப் போய் ஓட்டுப் போட்டுவிட்டு வந்தாள். ஜன்னல் இடுக்கு வழியாகப் பார்த்தேன்.

ஏப்ரல் 27

காலையில் இரண்டு ஆட்கள் வந்து எங்கள் வரிசையில் பள்ளம் தோண்டினார்கள். குழாயாம். நம்ப முடியாமல், யார் சொல்லி வந்தீர்கள் என்று கேட்டேன்.

"கலெக்டர் ஆபீஸ் மனுங்க. உங்க வரிசைக்கும் தண்ணி வேணும்னு ஜனவரியிலயே குடுத்திருக்காங்க" என்று காகிதத்தைப் பார்த்துச் சொன்னான் ஒருத்தன். "பாக்கியமேரின்னு போட்டிருக்குது. உங்க வூடுங்களா?"

இல்லை, எதிர் வீடு என்றேன்.

சாயங்காலம் தண்ணீர் வந்தது. நல்ல வேகம். நாலு குடமும் பத்து நிமிடத்தில் நிரம்பிவிட்டன. இனி அக்கா வீட்டுக்குப் போக ஒரு சாக்கும் இல்லை.