விளக்கடியில் வளர்ந்த கீரை

அன்பு மகளுக்கு அம்மா எழுதுவது. நீயும் மாப்பிள்ளையும் குட்டியும் சுகமாக இருக்க வேண்டும். இங்கே எங்கள் உடம்புக்கு ஒன்றுமில்லை, அவ்வளவுதான் எழுதக் கை வருகிறது.

உன் தம்பியை விபத்தில் பறிகொடுத்த பிறகு வீட்டில் சும்மா உட்கார முடியாமல் கீரைக் கம்பெனியில் சேர்ந்தேன் என்று போனில் சொன்னேன் அல்லவா, பழைய செருப்புத் தொழிற்சாலைக் கட்டடம், ஜன்னலே கிடையாது, உள்ளே தட்டுத் தட்டாக அலமாரி, ஊதா விளக்கு, மண் இல்லாமல் தண்ணீரிலேயே கீரை வளர்கிறது. தலைக்கு வலை மாட்டிக்கொண்டு நறுக்குகிறேன், யாரோடும் பேச வேண்டியதில்லை, அது தோதாக இருக்கிறது. போன வாரம் சூப்பர் மார்க்கெட்டில் ருசி பார்க்கக் கொடுக்கும் மேசையில் என்னை நிறுத்தினார்கள். ஒரு பெண் தானும் தின்று குழந்தைக்கும் ஊட்டிவிட்டு, நல்லா இருக்கே, எந்தத் தோட்டத்துதுங்க என்றாள். தோட்டம் இல்லம்மா, விளக்கு வெளிச்சத்துல வளர்ந்தது, மருந்தே அடிக்கல என்றேன். அவ்வளவுதான், குழந்தை வாயில் விரலை விட்டு எடுத்து, துப்பு துப்பு என்றாள். பார்த்துக்கொண்டிருந்த மேலாளர், இனிமே தோட்டத்துக் கீரைன்னே சொல்லிடுங்க என்றார். எனக்கு அந்தப் பொய் வாயில வராதுங்க என்றேன். மறுநாளே பழையபடி நறுக்க அனுப்பிவிட்டார். கோபமோ அவமானமோ ஒன்றும் தோன்றவில்லை. மரத்துப்போன காலைக் கிள்ளிப் பார்ப்பது போல இருந்தது.

மிஞ்சிய கீரையை வீட்டில் சமைத்தேன். அப்பா தட்டைத் தள்ளிவிட்டு, வெயில் படாதத மனுஷன் திம்பானா என்றார். நான் யோசித்துச் சொல்லவில்லை, உங்க மேல வெயில் பட்டு எவ்வளவு நாளாச்சு என்று கேட்டுவிட்டேன். தம்பி அறையில் திரையை இழுத்துவிட்டுக்கொண்டு உள்ளேயே கிடப்பவர்தானே. கொஞ்ச நேரம் கழித்துத் தட்டைத் தன் பக்கம் இழுத்து ஒரு வாய் விடாமல் சாப்பிட்டார், சாப்பிட்டபடியே அழுதார். அவனை எடுத்த அன்றைக்குக்கூட அழாத மனுஷர். எனக்குத்தான் அழுகை வரவில்லை, தம்ளரில் தண்ணீர் ஊற்றிப் பக்கத்தில் வைத்தேன். இன்று காலை சவரம் செய்துகொண்டு வந்து, உங்க எடத்துல ஆள் எடுக்கறாங்களா என்று கேட்டார். கேட்டுச் சொல்றேன் என்றேன். அவர் சட்டை ஒன்று இஸ்திரி போட்டு மாட்டியிருக்கிறேன், இளைத்துப்போன தோளில் தொளதொளவென்று நிற்கும், இருக்கட்டும்.

வேளைக்குச் சாப்பிடு, குட்டியை அதட்டாதே. நீங்கள் மூவரும் ஒரு குறையும் இல்லாமல் நன்றாக இருக்க வேண்டும். மறக்காமல் ஒன்று செய், அப்பாவோடு பேசும்போது தம்பி பேச்சை எடு, நாங்கள் இருவரும் இன்னும் அவன் பெயரைச் சொல்லவில்லை, யாராவது முதலில் சொல்ல வேண்டும்.

உன் அம்மா