கிழித்த மனு

21-8-59, வெள்ளி.

அய்யா மனுவைக் கிழித்துவிட்டார்.

பத்து நாளாக, அவர் மிளகாய் மண்டிக்குக் கிளம்பியதும் வீட்டு டெலிபோன் அடிக்கும். எடுத்தால் ஒருவன் குரலை மாற்றி அசிங்கமாகப் பேசுவான். அந்தப் பேச்சை இதில்கூட எழுத மாட்டேன். நேற்றுத்தான் அய்யாவிடம் சொன்னேன். "அதுக்குச் சட்டம் இருக்கு தாயி. அவனை உள்ள தள்ளிட்டுத்தான் மறுவேலை" என்று அப்போதே போலீசுக்கு மனு எழுதினார். நேற்று நன்றாகத் தூங்கினேன்.

இன்று எக்சேஞ்சில் விசாரித்து வந்தார். எல்லாம் அத்தை வீட்டு டெலிபோனிலிருந்து வந்ததாம். பேசியவன் அத்தை மகன் வேலு.

"நம்ம பயதானா! முறைக்காரன் கேலி பேசாம வேற எவன் பேசுவான்?" என்று அய்யா சிரித்தார். அம்மாவும் சிரித்தாள்.

"அது கேலி இல்லய்யா" என்றேன்.

"கட்டிக்கப் போறவனுக்கு ஏது சட்டம்?" மனு நாலு துண்டாகி அடுப்புக்குள் போனது.

நாளை இருவரும் திருப்புல்லாணி கோயிலுக்குப் போகிறார்கள். எனக்குப் பள்ளிக்கூடம் லீவு. "போன் அடிச்சா எடுத்துப் பேசு. எடுக்கலேன்னா அத்தை கோவிச்சுக்குவாக" என்று சொல்லிவிட்டு அய்யா படுத்துவிட்டார்.

வேலுவுக்கும் போன் பண்ணிச் சொல்லிவிட்டாராம், நாளைக்கு நான் தனியாகத்தான் இருப்பேன் என்று.