செவலியின் ரத்தம்

காரைக்கால்
3 பிப்ரவரி 2025

அன்புள்ள ஜூலியட்,

இங்கே எல்லோரும் நலம். அம்பகரத்தூரில் அறுவடை முடியவில்லை, அப்பா வயலே கதியென்று கிடக்கிறார். நீ நலமாக இருப்பது தெரியும். உன் அம்மா நேற்று கிளினிக்குக்கே வந்து, பந்தயத்தில் ஜெயித்த குதிரையின் வாயை நீ திறந்து பார்க்கும் படத்தைக் காட்டினார்கள். நான் அப்போது ஓர் ஆட்டின் வாயைத் திறந்து பார்த்துக்கொண்டிருந்தேன்.

போனில் பேசினால் இரண்டாவது நிமிடம் யாராவது உன்னை "மேடம்" என்று கூப்பிட்டுவிடுகிறார்கள். அதனால்தான் மின்னஞ்சல்.

எனக்கும் ஒரு குதிரை வந்திருக்கிறது. கோட்டுச்சேரி யாகப்பன் கல்யாண ஊர்வலத்துக்கு இரண்டு குதிரை வைத்திருக்கிறாரே, அதில் செவலி என்கிற பெண்குதிரை. ஆறு மாதச் சினை. ஒரு வாரமாகத் தீனி எடுக்கவில்லை, ஈறு வெளிறிக் கிடக்கிறது, நாலு எட்டு நடந்தால் மூச்சு வாங்குகிறது. ரத்தத்தில் சிவப்பணுவின் பங்கு நூற்றுக்கு முப்பத்தைந்து இருக்க வேண்டிய இடத்தில் பதினெட்டு. உண்ணிக் காய்ச்சலோ என்று ரத்தத்தைக் கண்ணாடியில் தடவிப் பார்த்தேன், கிருமி இல்லை. பூச்சி மருந்து கொடுத்து, இரும்பு ஊசி ஆரம்பித்திருக்கிறேன்.

யாகப்பன் என்ன சொன்னார் தெரியுமா? "ஜெயமேரி மவ புனேல குதிரைக்கே டாக்டரா இருக்காமே, அதுகிட்ட ஒரு வார்த்தை கேட்டுப் பாருங்களேன்."

குதிரை மருத்துவத்தில் நம் வகுப்பில் முதல் மதிப்பெண் யாருக்கு என்று அவருக்குத் தெரியாது. அந்தப் புனே வேலைக்கு நேர்முகத் தேர்வு நடந்த அன்று அப்பாவுக்கு நெஞ்சுவலி. நான் ஆஸ்பத்திரி வராந்தாவில், நீ ரயிலில். உன்னைக் குறை சொல்லவில்லை. இதையும் உன்னிடம் கேட்கவில்லை, சும்மா சொல்கிறேன்.

உன்
தாமரைச்செல்வி


புனே
4 பிப்ரவரி 2025

என் தாமரைக்கு,

கேட்கவில்லை என்றாலும் சொல்கிறேன், கோபிக்காதே. இரும்பு ஊசியை உடனே நிறுத்து. வளர்ந்த குதிரைக்கு இரும்புக் குறை வருவது அபூர்வம். சில குதிரைக்கு அந்த ஊசியே எமன்.

கண் மஞ்சளாக இருக்கிறதா, சிறுநீர் சிவப்பாகப் போகிறதா என்று பார். இரண்டும் இல்லையென்றால் ரத்தம் உள்ளே அழியவில்லை, எங்கோ கசிந்து வெளியே போகிறது. ரத்தத்தில் புரதம் எவ்வளவு என்று பார்த்தாயா? அதுவும் குறைந்திருந்தால் குடலைத்தான் சந்தேகப்படுவேன். லத்தியில் ரத்தம் கண்ணுக்குத் தெரியாது, சோதித்துத்தான் பார்க்க வேண்டும்.

முக்கியமாக, யாகப்பனிடம் வலி மாத்திரை ஏதாவது கொடுத்தாரா என்று கேள். தை மாதம் முழுக்க முகூர்த்தம். நொண்டுகிற குதிரையை மாத்திரை போட்டு நடக்க வைப்பார்கள், வயிறும் குடலும் புண்ணாகிவிடும். அப்படியென்றால் மாத்திரையை நிறுத்தி, புண்ணாற்றும் மருந்து கொடு. பங்கு பன்னிரண்டுக்குப் போனால் காத்திருக்காதே, ரத்தம் ஏற்று. அவருடைய இன்னொரு குதிரை ஆண்தானே? இரண்டின் ரத்தத்தையும் சேர்த்துப் பார், கட்டி தட்டக் கூடாது. முதல் கால் மணி நேரம் சொட்டுச் சொட்டாக விடு.

முதல் மதிப்பெண் உனக்குத்தான், மறக்கவில்லை. ஆனால் எனக்கும் ஒரு குறை உண்டு. அம்மாவுக்குக் கண் ஆபரேஷன் நடந்தது எனக்கு மறுநாள்தான் தெரியும். உனக்கு முந்தின வாரமே தெரிந்திருக்கிறது. கட்டுப் பிரித்ததும் அம்மா பார்த்த முதல் முகம் உன்னுடையது. போன் செய்தால் "தாமரை கஞ்சி கொண்டாந்தா, தாமரை மருந்து ஊத்துனா" என்கிறார்கள். நான் அனுப்பும் படங்களை ஊரெல்லாம் காட்டுவார்கள், ஒரு வார்த்தை கேட்க வேண்டுமென்றால் உன்னிடம் வருவார்கள்.

சரி, விடு. பதில் போடு.

ஜூலியட்


புனே
6 பிப்ரவரி 2025

தாமரை,

இரண்டு நாளாகப் பதில் இல்லை. படித்தாயா? நான் சொன்னது சரியா தப்பா என்றாவது எழுதலாம். காத்திருக்கிறேன்.

ஜூ.


காரைக்கால்
16 பிப்ரவரி 2025

ஜூலியட்,

செவலி பிழைத்துக்கொண்டது. இன்று பங்கு இருபத்து நாலு. புல் மேய்கிறது.

இனி சொல்வதை நீ முழுக்கப் படிக்க வேண்டும்.

உன் கடிதம் நாலாம் தேதி சாயங்காலமே வந்துவிட்டது. உன் பேரைப் பார்த்தேன், திறக்கவில்லை. நீ சரியாகச் சொல்லியிருப்பாய் என்று தெரியும், அதனால்தான் திறக்கவில்லை. மறுநாள் யாகப்பன், "அந்தப் பொண்ணு என்ன சொல்லிச்சு?" என்று கேட்டார். இன்னும் பதில் வரவில்லை என்றேன். அன்றைக்கும் இரும்பு ஊசிதான் போட்டேன்.

ஏழாம் தேதி காலை செவலி படுத்துவிட்டது. பங்கு பதினொன்று. கொட்டகையில் நின்றுகொண்டுதான் உன் கடிதத்தைத் திறந்தேன். நீ எழுதியதை அப்படியே அவரிடம் கேட்டேன். "கால் நொண்டுச்சும்மா. மூணு வாரமா காலைல ரெண்டு, ராத்திரி ரெண்டு குடுத்தேன். நீங்க கேக்கலியே," என்றார்.

நான் கேட்கவில்லைதான்.

அதன்பின் எல்லாம் நீ சொன்னபடி. கட்டி தட்டவில்லை. ஆண்குதிரையிடமிருந்து பன்னிரண்டு பை, நாலு லிட்டருக்கு மேல் எடுத்து ஏற்றினேன். எட்டாவது பையில் ஈறு லேசாகச் சிவந்தது. யாகப்பன் என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார். ஒன்பதாம் தேதி சினை கலைந்து குட்டி விழுந்துவிட்டது. முழு உருவம் வந்திருந்தது.

"நீங்க இல்லன்னா தாயும் போயிருக்கும் டாக்டரம்மா," என்று அவர் சொன்னார். அதை என்னால் தாங்க முடியவில்லை. கடிதம் வந்த தேதியைச் சொன்னேன், ஏன் திறக்கவில்லை என்பதையும் சொன்னேன். அவர் செவலியின் கயிற்றை அவிழ்த்து உள்ளே கொண்டுபோய்க் கட்டினார். இப்போது புண்ணாற்றும் ஊசி போடப் போனால் கதவைத் திறந்துவிட்டு அவர் வெளியே போய்விடுகிறார்.

உன்மேல் எனக்குப் பத்து வருஷமாகப் பொறாமை. உனக்கு அது தெரியும் என்பதும் எனக்குத் தெரியும். நீ என்னிடம் பேசாமல் போனாலும் சரிதான்.

தாமரைச்செல்வி


புனே
18 பிப்ரவரி 2025

தாமரை,

உன் கடிதத்தைப் படித்துவிட்டு இரண்டு நாள் வேலைக்குப் போகவில்லை.

யாகப்பனின் போன் நம்பர் நாலாம் தேதியே என்னிடம் இருந்தது. அம்மாதான் கொடுத்தார்கள். "அவருகிட்ட நேரா பேசிடேன்டி," என்றும் சொன்னார்கள். மாத்திரையை நிறுத்தச் சொல்ல ஒரு நிமிடம் போதும். நான் கூப்பிடவில்லை. ஆறாம் தேதி உன் பதில் வராதபோதும் கூப்பிடவில்லை. "நீ சொன்னதுதான் சரி, ஜூலியட்" என்று உன் கையால் எழுதி வர வேண்டும் என்றிருந்தது எனக்கு. ஒரு தடவையாவது.

நீ மூன்று நாள் திறக்காமல் இருந்தாய். நான் அதே மூன்று நாள் போனைக் கையில் வைத்துக்கொண்டு சும்மா இருந்தேன்.

நீ அவர் முகத்தைப் பார்த்துச் சொல்லிவிட்டாய். நான் இன்னும் சொல்லவில்லை. சனிக்கிழமை காலை காரைக்கால் வந்து இறங்குகிறேன். அம்மாவிடம் சொல்லவில்லை, முதலில் உன்னிடம்தான் சொல்கிறேன். நேராகக் கோட்டுச்சேரி போவோம். அவர் கதவைத் திறந்துவிட்டு வெளியே போனால் நான் பின்னாலேயே போவேன். நீ செவலிக்கு ஊசியைப் போடு.

ஜூலியட்