ஏரி உடைத்து ஆடிய ஆட்டம்

சின்னம்மா,

திருப்பதியில் நேற்று நல்ல மழை. சமையற்கட்டு ஒழுகி அரிசி மூட்டை நனைந்துவிட்டது. காலையில் பிரித்ததும் அந்தப் புளித்த வாடை. மருமகள் மூக்கைப் பிடித்துக்கொண்டு ஓடினாள். நான் மூட்டைக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்துவிட்டேன். உன்னைப் பார்க்கவேண்டும் போல இருந்தது.

ஏரி உடைந்து வெள்ளம் வந்த வருஷம் ஊர் முழுக்க இந்த வாடைதான். வரதய்யபாளையத்துப் பக்கம் நம் ஊர் ஆந்திராவோடு இருக்குமா, மெட்ராஸோடு சேருமா என்று பெரியவர்களுக்கு அப்போது ஓயாத சண்டை. வெள்ளம் வடிந்ததுமே திரும்ப ஆரம்பித்துவிட்டார்கள். பிள்ளைகள் என்ன கதியில் இருக்கிறோம் என்று யார் பார்த்தது? உன் பிள்ளை சீனு வெள்ளத்தோடு போனதிலிருந்து நான் வாய் திறக்கவில்லை. ஒரே தட்டில் சாப்பிட்டு வளர்ந்தவர்கள் நாங்கள். பெற்ற பிள்ளைக்குப் பேச்சு வரட்டும் என்று நைனா என்னைக் கோயில் கோயிலாகக் கூட்டிப்போய்த் தாயத்து கட்டினார். என் எதிரில் அவன் பேரை எடுக்கக்கூடாது என்று வீட்டில் உத்தரவு வேறு.

மற்றப் பிள்ளைகள் புதிதாக ஓர் ஆட்டம் கண்டுபிடித்திருந்தார்கள். சேற்றில் கரை கட்டி, கொட்டாங்குச்சியால் தண்ணீர் ஊற்றி, கத்திக்கொண்டே கரையை உடைப்பார்கள். குச்சி வீடுகள் மிதந்து போகும். நான் தள்ளி நின்று பார்ப்பேன். அபசகுனம் பிடித்த ஆட்டம் என்று நைனா ஒருநாள் அடிக்க விளாரோடு வந்தார். நீதான் குறுக்கே போய் நின்றாய். பிள்ளையைப் பறிகொடுத்தவள் நீ.

"ஆடட்டும் வுடுங்க மாமா. அதுங்க வேற எங்க போயி சொல்லும்?"

அவர் விளாரைப் போட்டுவிட்டுப் போனார். நீ புடவையைச் செருகிக்கொண்டு சேற்றில் உட்கார்ந்தாய். ஒரு பிடி களிமண்ணை உருட்டி, தலை வைத்து, கைகால் வைத்து என்னிடம் நீட்டினாய்.

"இது சீனு. எங்க வெக்கட்டும், நீ சொல்லு."

"மேட்டுல வை," என்றேன். "இன்னும் மேல."

வைத்தாய். பிள்ளைகள் கரையை உடைத்தார்கள். தண்ணீர் அவனைத் தொடாமல் போனது. அப்போதுதான் எனக்கு அழுகை வந்தது. நீ என்னை மடியில் இழுத்துப் போட்டுக்கொண்டு, அவன் வெல்லம் திருடித் துன்னதையெல்லாம் சொல்லிச் சொல்லி அழுதாய். பாதியை நான் எடுத்துக்கொடுத்தேன்.

அதற்குப் பிறகு நம் இருவருக்கும் அவன் பேச்சு ஓயவே இல்லை. கடைசியாக நீ வந்தபோதுகூட, இருந்திருந்தால் இந்நேரம் மூட்டுவலி என்று முனகிக்கொண்டிருப்பான் என்று சிரித்தோமே.

இப்போது சீனு என்றால் இந்த வீட்டில் யாருக்கும் முகம் தெரியாது. நீ போனதில் அவன் இன்னொரு தடவை போய்விடுவானோ என்று பயமாக இருக்கிறது, சின்னம்மா. அதனால் தினமும் அவன் பேரை வாய்விட்டுச் சொல்கிறேன். உன் பேரையும் சேர்த்து.